ஆபா எண் வாங்கியாச்சு... ஆனா நம்ம ரிப்போர்ட் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகுதா? கிரிவலப் பாதையில் இருந்து ஒரு விளக்கம்

பௌர்ணமி இரவு. ராஜகோபுரத்தில் தொடங்கிய கூட்டம் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் நடந்துவந்த 65 வயதுப் பெரியவர் ஒருவர் திடீரென மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் விஜயவாடா. கூட வந்தவர்கள் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள். 108 வருகிறது, மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள்.

அங்கே டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பது நாலே விஷயம்தான். சுகர் இருக்கா? இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?

இந்த நாலு கேள்விக்கும் பதில் இருக்கிறது. விஜயவாடாவில், அவர் வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் கம்ப்யூட்டரில். திருவண்ணாமலையில் இருக்கும் டாக்டருக்கு அது தெரியாது. அதற்காக சிகிச்சை நிற்காது. ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மறுபடி முதலில் இருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரம்தான் இங்கே பிரச்சினை.

"அதுக்குத்தான் ஆபா எண் வந்துடுச்சே" என்று நீங்கள் கேட்கலாம். வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் எண் கையில் இருப்பது வேறு, ரிப்போர்ட் வந்து சேர்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ரமணாசிரமம் பகுதியில் ஏன் இது பெரிய விஷயம்?

இந்த ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் தங்கியிருப்பவர்களைப் பாருங்கள். ஆந்திரா, தெலங்கானாவில் இருந்து வரும் பக்தர்கள். ஓய்வுபெற்ற பிறகு அண்ணாமலையார் அடியிலேயே இருந்துவிடலாம் என்று வீடு எடுத்துத் தங்கிய வடமாநிலத் தம்பதிகள். வருஷத்தில் சில மாதம் வந்து தங்கும் வெளிநாட்டவர்கள். பூர்வாசிரமப் பெயரையே விட்டுவிட்ட சாதுக்கள். இவர்களோடு, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் உள்ளூர் மக்கள்.

இவர்களில் பெரும்பாலானவர்களின் மருத்துவ வரலாறு வேறு ஏதோ ஒரு ஊரில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கும் இதே கதைதான். சாதாரணக் காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக். கொஞ்சம் பெரிசு என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேல் போனால் வடக்கே வேலூர் சிஎம்சி, இல்லாவிட்டால் கிழக்கே புதுச்சேரி ஜிப்மர். ஒரே நோயாளிக்கு நாலு இடத்தில் நாலு எண், நாலு ஃபைல்.

இந்த நாலையும் இணைப்பது எது? மஞ்சப்பை! பழைய சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் கவர் எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டு போகிறோமே, அந்தப் பைதான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு வரை நம் ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்கும் இன்னோர் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் தகவல் கொண்டுபோகும் 'நெட்வொர்க்' நோயாளியும் அவர் கையில் இருக்கும் பையும்தான். பை வீட்டில் இருக்கும்போது மயங்கி விழுந்தால் நெட்வொர்க் கட்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் கம்ப்யூட்டர் இருக்கே?

இருக்கிறது. தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமும் இல்லை. உலக வங்கி நிதியுடன் 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளுக்குக் கணினிப் பதிவு முறை கொண்டுவரப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களும் விவரங்களைப் பதிவு செய்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பதிவு செய்யும் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனித் தீவு. வீட்டு வாசலில் எழுதப்பட்ட பிரஷர் அளவு, அதே தெருவில் இருக்கும் தனியார் கிளினிக் டாக்டரின் திரையில் பெரும்பாலும் தெரிவதில்லை. அவர் புதிதாக ஒரு மாத்திரை எழுதுகிறார். பிராண்ட் பெயர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையை இரண்டு பெயரில் இரண்டு தடவை போட்டுக்கொண்டால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வார்ஃபரின் எடுப்பவர், 14 கிலோமீட்டர் நடந்த கால்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் உள்ளே ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. இரண்டுமே, தகவல் ஒரே இடத்தில் தெரிந்திருந்தால் தடுக்கக்கூடியவை.

இணைத்தால் வேலை நடக்கும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. பிக்மி எண்! வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிராம செவிலியர் பதிவு செய்யும்போது தரும் அந்த 12 இலக்க எண், ஸ்கேன், பிரசவம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் கூடவே வரும். தாய் எந்த ஊர்ப் பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனாலும் எண் மாறாது. ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கே அலைய வேண்டியிருக்கும். உதவிக்காக வந்த எண் எப்போது கட்டாயமாக மாறுகிறது என்பதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆபா என்றால் என்ன, என்ன இல்லை?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்பது மத்திய அரசின் திட்டம். 2020 ஆகஸ்ட் 15-ல் 6 யூனியன் பிரதேசங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் உள்ள புதுச்சேரியும் அதில் ஒன்று. 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் வந்தது. இந்தத் திட்டத்தில் ஒருவருக்குக் கொடுக்கப்படும் 14 இலக்க எண்தான் ஆபா. இதுவரை 70 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. கோவிட் தடுப்பூசி போட ஆதார் கொடுத்தபோதே பலருக்கு இந்த எண் உருவாகிவிட்டது. அப்படி ஒன்று தன் பெயரில் இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். அது அப்போதே விமர்சனத்துக்கும் உள்ளானது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆபா, காப்பீட்டு அட்டை கிடையாது. 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, 'ஆயுஷ்மான் கார்டு' என்று சொல்லப்படும் காப்பீட்டு அட்டை வேறு, இது வேறு. ஆபாவைக் காட்டினால் பில் குறையாது. பெயரில் 'ஆயுஷ்மான்' என்று ஒட்டியிருப்பதால் வந்த வினை இது. திட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சரி, ரிப்போர்ட் எப்படிப் போகுது?

ஆபா எண்ணை ஒரு அலமாரி என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். அதற்குள் நம் ரிப்போர்ட் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் என்ற நினைப்பு. அப்படி இல்லை. டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் எல்லோருடைய நோயும் சேர்த்து வைக்கப்படுவதில்லை. உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு அது எடுக்கப்பட்ட லேபிலேயே, ஸ்கேன் எடுத்த மருத்துவமனையிலேயே இருக்கும். 'இவருடைய பதிவு எங்களிடம் இருக்கிறது' என்று அந்த மருத்துவமனை உங்கள் ஆபாவோடு ஒரு இணைப்பு மட்டும் போடும்.

அடுத்து வேறொரு மருத்துவமனை அதைப் பார்க்க விரும்பினால், கோரிக்கை அனுப்பும். எதற்காக, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, எந்த வகை ரிப்போர்ட், எத்தனை நாளைக்கு என்று அந்தக் கோரிக்கையில் இருக்கும். அது உங்கள் போனுக்கு வரும். நீங்கள் 'சரி' சொன்னால் மட்டும் ரிப்போர்ட் பூட்டப்பட்ட வடிவில் ஓரிடத்தில் இருந்து மற்ற இடத்துக்குப் போகும். நடுவில் இருக்கும் மத்திய அமைப்பு தபால்காரர் மாதிரி. கவரைக் கொண்டுபோய்க் கொடுக்கும், பிரித்துப் பார்க்க முடியாது. கொடுத்த அனுமதியை நீங்கள் பிறகு திரும்பப் பெறவும் முடியும்.

ஏட்டில் அருமையான ஏற்பாடு. ஆனால் இது நடக்க, இரண்டு பக்கமும் உள்ள மருத்துவமனைகளின் மென்பொருள் திட்டத்தில் இணைந்திருக்க வேண்டும். பதிவுகளை உண்மையிலேயே ஆபாவோடு இணைத்திருக்கவும் வேண்டும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஓபி சீட்டு வாங்குவதோடு பல இடங்களில் ஆபாவின் வேலை முடிந்துவிடுகிறது. வரிசை குறைகிறது, நல்லதுதான். அது பதிவுப் பகிர்வு அல்ல. அளவைத் தாண்டி இணைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் 20 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டமே கொண்டுவந்தது. காசு கொடுத்து இழுக்க வேண்டிய நிலை என்றால், தானாக நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா?

இணைந்தாலும் முதல் முட்டுக்கட்டை பெயரில் வருகிறது. இது தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி.

ரேஷன் கார்டில் எஸ்.முருகன். ஆதாரில் முருகன் எஸ். வெளியூர் மருத்துவமனையில் இனிஷியலை ஏற்காமல் முழுப் பெயர் கேட்டதால் முருகன் சுப்பிரமணி. இன்னோர் இடத்தில் அப்பா பெயரையே இவர் பெயராக எழுதி, மிஸ்டர் சுப்பிரமணி! ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது 'க'வுக்கு எந்த எழுத்து என்பது தட்டச்சு செய்பவரின் விருப்பம். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 அல்லது ஜூன் 1.

மனிதர் பார்த்தால் எல்லாம் ஒரே முருகன் என்று தெரியும். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். அதைவிட ஆபத்து, இரண்டு முருகன்களை ஒருவராக்குவது. பதிவே இல்லாவிட்டால் டாக்டர் கேட்டுத் தெரிந்துகொள்வார். அடுத்தவர் ரத்த வகையும் ஒவ்வாமையும் உங்கள் பெயரில் வந்தால் அதை நம்பிவிடுவார். அதனால்தான் பெயரை மட்டும் வைத்துத் தேடாமல் ஒரு தனி எண் தேவைப்படுகிறது. ஆபாவின் உண்மையான பயன் இங்கேதான்.

ரமணாசிரமம் பக்கம் இருக்கும் சாதுக்களுக்கு இது இன்னும் சிக்கல். பழைய ஆவணத்தில் ஒரு பெயர், இப்போது அழைக்கப்படுவது வேறு பெயர். பலரிடம் போன் கிடையாது. எண்ணை உருவாக்க ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம் வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு, அடிக்கடி பார்க்கும் இலவச மருத்துவமனை டாக்டரின் ஞாபகம்தான் ஹெல்த் ரெக்கார்டு.

சுகர் 10-ஆ, 180-ஆ?

பெயர் பொருந்திவிட்டது, ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. அடுத்து, அதில் எழுதியிருப்பது என்ன என்று புரிய வேண்டுமே?

இங்கிலாந்தில் இருந்து வந்து தங்கியிருக்கும் ஒருவரின் ரிப்போர்ட்டில் சுகர் 10 என்று இருக்கும். நம் ஊர் கணக்கில் 10 என்றால் உயிரோடு இருப்பதே அதிசயம். ஆனால் அங்கே அளக்கும் அலகு வேறு. அவர்களின் 10, நம் கணக்கில் 180. மனிதர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். எண்ணை மட்டும் இழுத்து வந்து கட்டத்தில் போடும் மென்பொருள் சிரிக்காது. தேதியிலும் இதே கூத்து. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4.

நம் ஊருக்குள்ளேயும் 'சுகர்' என்று மட்டும் எழுதினால் போதாது. வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா, மூன்று மாத சராசரியா? அதனால்தான் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒவ்வொரு நோய்க்கும் உலகம் முழுக்க ஒரே குறியீடு வைக்கிறார்கள். பரிசோதனைகளுக்கு 'லாயிங்க்', நோய்களுக்கும் மருத்துவச் சொற்களுக்கும் 'ஸ்னோமெட்'. ஸ்னோமெட் அமைப்பில் இந்தியா 2014-ல் உறுப்பினரானது. அந்தக் குறியீடுகளை எந்த வடிவத்தில் கட்டி அனுப்ப வேண்டும் என்பதற்கு ஒரு தரநிலை இருக்கிறது. அதன் பெயர் 'ஃபயர்'. ஆமாம், நெருப்பு என்றுதான் உச்சரிக்கிறார்கள். அக்னித் தலத்தைப் பற்றிய கட்டுரையில் இது வந்து சேர்ந்தது தற்செயல்!

மருத்துவப் பதிவு மென்பொருள்களுக்கான தரநிலைகளை இந்தியா 2013-லேயே அறிவித்து, 2016-ல் திருத்தியும் வெளியிட்டது. ஆபா திட்டமும் ஃபயர் வடிவத்தைத்தான் கேட்கிறது. ஆனால் நடப்பில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. காகித ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து, அல்லது பிடிஎஃப் ஆக்கி, அதை அப்படியே ஃபயர் கவருக்குள் போட்டு அனுப்பிவிடலாம். விதிப்படி பகிர்ந்தாகிவிட்டது. டாக்டர் திறந்து படிக்கலாம். ஆனால் 'இவருக்குப் பெனிசிலின் ஆகாது' என்று கம்ப்யூட்டர் எச்சரிக்காது, கடந்த 2 வருட சுகரை வரைபடமாகக் காட்டாது. மஞ்சப்பை டிஜிட்டல் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் ஒன்றுமில்லாததற்கு மேல் என்பதையும் மறுக்க முடியாது.

ஓடிபி சொன்னால் சம்மதமா?

கவுன்ட்டரில் கூட்டம். "ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்கிறார் ஊழியர். அம்மாவும் சொல்கிறார். எதற்கு அந்த எண் என்று அவருக்குத் தெரியாது. ஓபி சீட்டுக்கா, பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பார்ப்பதற்கா?

சட்டத்தின் பார்வையில் சம்மதம் என்பது புரிந்து கொடுப்பது. எதற்கென்று சொல்லாமல் வாங்கிய ஓடிபியை சம்மதம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்று, பல வீடுகளில் ஆதாரோடு இணைந்த போன் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது. அப்போது அம்மாவின் உடம்பைப் பற்றிச் சம்மதம் கொடுப்பது யார்?

இது வெறும் விதண்டாவாதம் அல்ல. எச்ஐவி, மனநலச் சிகிச்சை, கருக்கலைப்பு போன்ற விவரங்கள் தவறான கண்ணில் பட்டால் வேலையும் போகும், கல்யாணமும் நிற்கும். 2017-ல் வந்த எச்ஐவி சட்டமும் மனநல மருத்துவச் சட்டமும் இந்த விவரங்களின் ரகசியத்துக்குத் தனிப் பாதுகாப்பு தருகின்றன. மூட்டுவலிக்குப் போன இடத்தில் மனநல மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கோரிக்கை வரும்போது எந்தெந்த ரிப்போர்ட்டைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி அதற்காகத்தான்.

சரி, மயங்கிக் கிடக்கும் அந்தப் பெரியவர் எப்படி ஓடிபி சொல்வார்? சட்டம் இதை யோசித்திருக்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் சம்மதம் இல்லாமலும் தகவலைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியப் பிரிவுகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் அனுமதித்தாலும், போன் பூட்டியிருந்து, ஆபா எண் சட்டைப் பையில் இல்லாவிட்டால், தேட எதுவும் இல்லை. இப்போதைக்கு அவசர சிகிச்சையில் காகிதத் துண்டுதான் வேகமானது.

திருடு போகாதா?

போகும், போயிருக்கிறது. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. நாட்டின் முதன்மையான மருத்துவமனையில் நாள்கணக்கில் பேனாவும் காகிதமுமாக வேலை நடந்தது. அடுத்த மாதமே, தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரம் இணையத்தில் விலைக்கு வந்ததாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது.

ஆபா முறையில் பதிவுகள் ஒரே இடத்தில் குவிவதில்லை என்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் பதிவு இருக்கும் ஒவ்வொரு சின்ன மருத்துவமனையும் தன் கம்ப்யூட்டரைத் தானே பாதுகாக்க வேண்டும். ரிசப்ஷன் மேஜையில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருக்கும் இடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எஸ்டோனியாவில் தன் பதிவை எந்த டாக்டர் எப்போது திறந்து பார்த்தார் என்று நோயாளியே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். நாம் கேட்க வேண்டிய வசதி அது.

இப்போ நாம என்ன செய்யலாம்?

ஆபா கட்டாயம் இல்லை. ஆபா இல்லை என்பதற்காக யாரும் சிகிச்சையை மறுக்க முடியாது. வேண்டும் என்றால் ஆபா செயலியிலோ இணையதளத்திலோ இலவசமாக உருவாக்கலாம். ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உருவாக்கும்போது பெயர், பிறந்த தேதி ஆதாரில் இருப்பது போலவே மருத்துவமனைப் பதிவிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். செயலியைத் திறந்து, எந்த மருத்துவமனை உங்கள் பதிவை இணைத்திருக்கிறது என்று பார்த்தால், எண் மட்டும் இருக்கிறதா, ரிப்போர்ட்டும் வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

கவுன்ட்டரில் ஓடிபி கேட்டால், "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பலருக்குத் தெரியாத இன்னொரு உரிமையும் இருக்கிறது. 2002-ம் ஆண்டின் மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளின்படி, நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே சம்மரியைக் கேட்டு வாங்கி, போனில் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிவலத்துக்கு வருபவர்கள், குறிப்பாக சுகர், இதயப் பிரச்சினை உள்ளவர்கள், ஒரு சின்ன அட்டையில் இதை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்: பெயர், வயது, நோய், தினமும் எடுக்கும் மருந்துகள் (பிராண்ட் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும்), ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டு போன் எண், ஆபா எண் இருந்தால் அதுவும். தெலுங்கில் மட்டும் எழுதினால் இங்கே படிப்பது கஷ்டம், ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஆந்திராவில் இருந்து விருந்தாளி வந்திருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

ஆபா தொடர்பான சந்தேகம், தவறான இணைப்பு, எண்ணை முடக்குவது போன்றவற்றுக்கு 1800-11-4477 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். தமிழ்நாட்டில் மருத்துவத் தகவல், ஆலோசனைக்கு 104. வழியில் யாராவது விழுந்துவிட்டால் முதலில் 108.